இருபத்தோராவது இலை

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கி, ரஸ்ஸல் மார்க்கெட்டின் பக்கமாக நடந்து, புனித மரியன்னை ஆலயத்தின் கோபுரத்தைக் கண்ணுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டு சற்றே திசை மாறினால், பழைய மோட்டார் சாமான்கள் விற்கிற சந்துகளில் போய்ச் சேர்ந்துவிடுவோம். அங்கே எண்ணெய்க் கறை படிந்த தரையில் குந்தியிருக்கும் ஒரு மெக்கானிக், கார்புரேட்டரிலுள்ள ஒரு சின்னஞ்சிறு திருகை அரைச் சுற்றுத் திருப்புவதும், எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்து அதன் சப்தத்தைக் கேட்பதும், திருப்தி இல்லாமல் மறுபடி கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்புவதுமாக இருக்கும் காட்சியை, அவசர காரியம் எதுவும் இல்லாத காலை வேளைகளில் நான் நின்று பார்ப்பதுண்டு. திருப்பினார், கேட்டார், பிறகே மேலும் திருப்பினார்; அவருடைய வித்தை முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது. கை தப்பிப் போனாலும் கெடுவது ஒரு வண்டி. அதன் சொந்தக்காரர் ஒருவர்தான் அன்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார்.

அதே பேட்டையில், எங்கள் சந்தின் கோடியில் உள்ள ஒரு மாடி வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விளக்கு எரியும். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, மடிக்கணினியின் முன்னால், அவரும் திருகுதான் திருப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய திருகு கண்ணுக்குத் தெரியாதது; அதை ஒரு தரம் திருப்பினால், அவர் ஒருபோதும் பார்த்திராத ஊர்களில், பார்த்திராத கட்டடங்களில், ஆயிரக்கணக்கான யந்திரங்களில் அதே திருகு அதே அளவு அதே க்ஷணத்தில் திரும்பிவிடும். காது கொடுத்துக் கேட்பதற்கு ஓர் எஞ்சினா, இரண்டா? இந்தத் தொழிலின் மகத்துவமும் விபரீதமும் இங்கேதான் ஆரம்பமாகின்றன.

சர்வர் என்று சொல்லப்படுவது, பிறருடைய வேண்டுகோளுக்குப் பதில் சொல்வதற்கென்றே இரவும் பகலும் விழித்திருக்கும் கம்ப்யூட்டர். நாம் ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், பாங்கிலிருந்து பணம் அனுப்பும்போதும், ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போதும், எங்கோ ஒரு சர்வர் நமக்கு ஊழியம் செய்கிறது. அதற்குள் இருக்கும் நிரல் ஒரு புறம். அந்த நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் இன்னொரு புறம். எந்த வாசலைத் திறந்து வைப்பது, யாரை உள்ளே விடுவது, எத்தனை பேரை ஒரே சமயத்தில் கவனிப்பது, எதை ஆபத்தென்று கருதி மறுப்பது என்பன போன்ற அந்தக் குறிப்புகளுக்குத் தொழில்காரர்கள் கான்ஃபிகரேஷன் என்று பெயர் வைத்து, அதையும் சுருக்கிக் ‘கான்ஃபிக்’ என்கிறார்கள். சமையற்காரர் நிரல் என்றால், அன்றைக்கு யாருக்கு உப்புக் குறைவு, யாருக்குக் காரம் கூடாது என்று அடுப்பங்கரைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் சீட்டே கான்ஃபிக்.

ஐந்தாறு சர்வர்கள் இருந்த காலத்தில், ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து அந்தச் சீட்டை ஒருவர் கையாலேயே திருத்தினார். ஐந்நூறு ஆனபோது அது நடவாத காரியமாயிற்று; நடந்த இடங்களிலும் ஒன்றில் திருத்தம் விழுந்து மற்றொன்றில் விழாமல், ஒரே அச்சில் வார்த்த யந்திரங்கள் சில மாதங்களுக்குள் ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லாதவையாகிவிட்டன. இந்தத் தொல்லையைத் தீர்க்க, ஆஸ்லோ நகரத்தில் இருந்த மார்க் பர்ஜஸ் என்பவர் 1993-இல் ‘சிஎஃப்எஞ்சின்’ என்ற ஒரு கருவியைச் செய்தார். 2005-இல் ‘பப்பெட்’ வந்தது. பிறகு ‘செஃப்’, ‘ஆன்சிபிள்’ என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆன்சிபிள் என்ற பெயர், நட்சத்திரங்களுக்கிடையே கணப் பொழுதில் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு அர்சுலா லெ குவின் என்ற நாவலாசிரியை சூட்டியது. பப்பெட் என்றால் பொம்மலாட்டப் பொம்மை. பெயர் வைத்தவர்களுக்குத் தாங்கள் செய்வது இன்னதென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கருவிகளின் தத்துவம் எளியது. எனக்கு அதில் ஓர் அழகும் தென்படுகிறது. ‘சுவிட்சைத் தட்டு’ என்று வேலைக்காரனிடம் சொன்னால், ஞாபக மறதியில் இரண்டு தரம் சொல்லிவிட்டால், எரிந்த விளக்கு அணைந்துவிடும். ‘விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும்’ என்று சொன்னால், நூறு தரம் சொன்னாலும் பாதகமில்லை. எரியாவிட்டால் ஏற்றுவான், எரிந்தால் சும்மா இருப்பான். பப்பெட் போன்றவை இந்த இரண்டாவது பாஷையில் பேசுகின்றன. செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லாமல், இருக்க வேண்டிய ஸ்திதியைத் தலைமை சர்வரில் எழுதி வைக்கிறார்கள். மற்ற சர்வர்கள், வழக்கமான ஏற்பாட்டின்படி அரை மணிக்கு ஒரு தரம், தலைமையிடம் வந்து ‘நான் எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டு, தங்களிடம் உள்ள வித்தியாசத்தைத் தாமே சரிசெய்துகொண்டு போகின்றன. எவனோ ஒருவன் நடுவில் புகுந்து கையால் எதையாவது மாற்றியிருந்தாலும், அடுத்த அரை மணியில் அது பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும்.

நல்ல உத்தரவுக்கு இது பரம சௌகரியம். உத்தரவே தப்பாக இருந்தால் அதுவும் அரை மணிக்குள், சற்றும் பாரபட்சமின்றி, எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும். பதறியடித்து ஒரு சர்வரை யாராவது கையால் சரிசெய்து வைத்தால், அடுத்த சுற்றில் அந்த விசுவாசமான கருவி அதை மறுபடியும் கெடுத்து வைக்கும். ரஸ்ஸல் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1927-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் ஒரே கூரை, தலைமுறை தலைமுறையாக அத்தனை கடைகளையும் மழைக்கும் வெயிலுக்கும் காத்தது. 2012 பிப்ரவரியில் ஒரு நாள் அதிகாலை நெருப்புப் பிடித்தபோது, அதே கூரையின் கீழ் அது கடைக்குக் கடை தாவிற்று.

இனி 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் 19-ஆம் தேதிக்கு வருகிறேன். அன்று வெள்ளிக்கிழமை. அமெரிக்காவிலுள்ள கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் பார்க்கும் ‘ஃபால்கன்’ என்ற காப்பு நிரலை உலகமெங்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கு விற்று வருகிறது. அந்த நிரல், விண்டோஸின் மிக உட்புறமான கருவறைக்குள்ளேயே நின்று வேலை செய்வது. அங்கே நிற்கிறவன் தடுக்கி விழுந்தால், தான் மட்டும் விழாமல் யந்திரம் முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் விழுவான். திருடர்களின் புதுப் புது தந்திரங்கள் தெரியவரும்போதெல்லாம், அவற்றை அடையாளம் காண்பதற்கான குறிப்புகளைக் கம்பெனி தன் தலைமையிடத்திலிருந்து சிறுசிறு கோப்புகளாக அனுப்பிக்கொண்டிருக்கும். அன்று இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு அப்படி ஒரு கோப்புப் புறப்பட்டது. அதற்கு 291 என்று இலக்கம்.

சற்று நேரத்துக்கெல்லாம் தேவனஹள்ளியில், நம் சிவாஜிநகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்தில், பயணிகள் வரிசை நகராமல் நின்றது. திரைகள் நீல நிறமாகி, ஏதோ மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒரு வாசகத்தைக் காட்டி, அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி நீலமாயின. இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் முதலிய விமானக் கம்பெனிகளின் சிப்பந்திகள் பேனாவைக் கையில் எடுத்தார்கள். ஹைதராபாத்தில் ஒரு பயணிக்குக் கையாலேயே எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸின் படம் அன்று நாடெங்கும் கைமாறியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, எனக்கென்னவோ அந்தக் கையெழுத்தின்மேல் மரியாதைதான் உண்டாயிற்று. இண்டிகோ மட்டும் 200-ஐ ஒட்டிய விமானங்களை ரத்து செய்தது. ரிசர்வ் பாங்கு தன் அறிக்கையில், 10 பாங்குகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு தடங்கல் நேர்ந்ததென்று சொல்லிற்று. தேசியத் தகவல் மையத்தின் வலையமைப்புக்குப் பாதிப்பில்லை என்று மத்திய அமைச்சர் அறிவித்தார். மற்ற தேசங்களின் கதி இன்னும் மோசம். உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. உலகத்திலுள்ள விண்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒன்று எங்கெங்கே உட்கார்ந்திருந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அந்தக் கோப்பில் அப்படி என்ன குற்றம்? கம்பெனியே ஆகஸ்டு 6-ஆம் தேதி வெளியிட்ட விசாரணை அறிக்கையில் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறது. அதை நம் ஊர்ப் பந்தியைக் கொண்டு விளக்கிப் பார்க்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் மேற்பார்வைக்காரர் ஒருவரிடம், 21 இலைகளைப் பார்வையிட வேண்டுமென்று ஒரு ஜாபிதாவைக் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் போட்டிருப்பதோ 20 இலைகள்தான். இந்தப் பொருத்தக் கேடு 2024 பிப்ரவரியிலேயே நுழைந்துவிட்டது. ஆனாலும் மாதக் கணக்கில் ஒரு விக்கினமும் நேரவில்லை. ஏனென்றால், அதுவரை வந்த ஜாபிதாக்களிலெல்லாம் 21-ஆவது இலைக்கு நேராக ‘எது இருந்தாலும் சரி’ என்றுதான் எழுதியிருந்தது. எது இருந்தாலும் சரி என்றால் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லையல்லவா? ஜூலை 19-இல் வந்த ஜாபிதா, முதல் தடவையாக, ‘21-ஆவது இலையில் இன்ன பதார்த்தம் இருக்கிறதா பார்’ என்றது. மேற்பார்வைக்காரர் இல்லாத இலையைப் பார்க்கக் குனிந்தார், பந்திப் பாயைத் தாண்டிக் காலை வைத்தார், விழுந்தார். கருவறையில் விழுந்தபடியால் கல்யாண மண்டபமே சாத்தப்பட்டது. ஜாபிதாக்களை வெளியே அனுப்புமுன் சரிபார்க்கும் நிரல் ஒன்றும் கம்பெனியில் இருந்தது. ஜாபிதாவில் 21 இருக்க வேண்டும், 21 இருக்கிறது என்று அது திருப்தியோடு முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. பந்தியில் எத்தனை இலை என்று அது எண்ணவில்லை.

பிழையைக் கம்பெனிக்காரர்கள் சீக்கிரமாகவே கண்டுபிடித்தார்கள். 10 மணி 57 நிமிஷத்துக்குள் கோப்பைத் திரும்பப் பெற்றும்விட்டார்கள். ஆக, அது உலவியது 78 நிமிஷம். அவ்வளவு விரைவாகத் திரும்பப் பெற்ற பிறகும் உலகம் நாட்கணக்கில் அவஸ்தைப்பட்டதற்குக் காரணம், திருத்தத்தைப் பெற்றுக்கொள்ள யந்திரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே. இவையோ, எழுந்ததும் அந்தக் கோப்பைப் படித்து உடனே விழுந்து, மறுபடி எழுந்து மறுபடி விழுந்துகொண்டிருந்தன. ‘எழுந்திரு, மருந்து வந்திருக்கிறது’ என்று சொன்னால் கேட்கக் காது இல்லை. எனவே ஒவ்வொரு யந்திரத்தின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார்ந்து, ‘சேஃப் மோட்’ என்னும் அரை மயக்க நிலையில் அதை எழுப்பி, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்த யந்திரங்களானால், முதலில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைப் பிழையில்லாமல் அடித்தாக வேண்டும். ஒரே க்ஷணத்தில் 85 லட்சம் இடங்களில் திரும்பிய திருகை, நம் மெக்கானிக்கைப் போல ஒவ்வொன்றாகக் குந்தி உட்கார்ந்து பின்னுக்குத் திருப்பினார்கள். இந்திய விமான நிலையங்களில் மறுநாள் அதிகாலை 3 மணியிலிருந்து யந்திரங்கள் வழக்கம்போல வேலை செய்யத் தொடங்கியதாக விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு தெரிவித்தார். அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனி சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்துவிட்டு, 50 கோடி டாலர் நஷ்டமென்று கணக்குக் காட்டி வழக்காடப் போனது.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். கம்ப்யூட்டர்த் தொழிலில் வெள்ளிக்கிழமை மாறுதல் செய்யலாகாது என்று ஒரு சாஸ்திரம் உண்டு. சனியும் ஞாயிறும் ஆள் கிடைக்கமாட்டார்கள் என்பதுதான் அதன் தாத்பரியம். நம் பஞ்சாங்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமே என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. கெட்ட கோப்புப் புறப்பட்டது ராகு காலத்துக்கு முன்னால். அதைத் திரும்பப் பெற்றதுதான் ராகு காலத்தில். ஆகவே ராகுவின்மேல் பழி போட வழியில்லை.

இந்த விவகாரத்தில் என் மனத்தை உறுத்துகிற அம்சம் வேறு. அந்தக் காப்பு நிரலை வாங்கிய ஸ்தாபனங்களில் ஜாக்கிரதைக்காரர்கள் பலர் இருந்தார்கள். நிரலின் புதிய பதிப்பு வந்தால் உடனே ஏற்றுக்கொள்ளாமல், ஒரு பதிப்போ இரண்டு பதிப்போ பின்தங்கியே இருப்போம் என்று தீர்மானித்துக்கொள்ளும் உரிமையைக் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்திருந்தது. அவர்களும் அதை உபயோகித்திருந்தார்கள். அப்படி இருந்தும் விழுந்தார்கள். நிரலுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. குறிப்புக் கோப்புகளுக்கு இல்லை. கோப்புகள் எல்லோருக்கும், எந்தப் பதிப்பில் இருந்தாலும், ஒரே சமயத்தில், கேள்வி முறை இன்றிப் போய்ச் சேர்ந்தன. நிரல் என்றால் பெரிய விஷயம், பரீட்சை செய்ய வேண்டும். குறிப்பு என்றால் வெறும் தகவல்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் எங்கள் மாடி வீட்டு இளைஞருடைய கம்பெனியிலிருந்து உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் வரை வேரூன்றிக் கிடக்கிறது. தலைவாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தாழிடாமல் படுக்கிற குடித்தனம் இது. ஒரு யந்திரத்தின் நடத்தையை மாற்றக்கூடியது எதுவோ, அது எந்தப் பெயரில் வந்தாலும், எவ்வளவு சின்னதாக வந்தாலும், நிரலுக்குச் செய்யும் பரீட்சைகள் யாவற்றுக்கும் அதுவும் உட்பட்டாக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இதை ஒரு நாள் அந்த இளைஞரிடம் சொன்னேன். டீக்கடை வாசலில் நின்றிருந்தோம். அவர் ராத்திரி முழுவதும் விழித்த கண்களோடு இருந்தார். “சார், ‘ஒரே ஒரு லைன்தானே, போட்டுடலாம்’னு சொல்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு பயம்,” என்றார். “நூறு லைன் மாத்தினா நாலு பேர் படிப்பாங்க. ஒரு லைன்னா யாருமே படிக்கமாட்டாங்க.”

அப்படியானால் எல்லாவற்றையும் தாமதப்படுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2017-ஆம் வருஷம் மார்ச் 14-ஆம் தேதி, விண்டோஸில் திருடர் நுழையக்கூடிய ஓர் ஓட்டையை அடைப்பதற்காக, மைக்ரோசாஃப்ட் ‘பேட்ச்’ என்னும் ஒட்டுத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. ஓட்டையை அடைக்க இரண்டு மாத அவகாசம் இருந்தும் சோம்பி இருந்தவர்களின் யந்திரங்களில், மே 12-ஆம் தேதி ‘வன்னாக்ரை’ என்ற பணயக் கொள்ளை நிரல் புகுந்து, 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது; பூட்டப்பட்டவற்றில் ஆந்திரப் போலீஸ் இலாகாவின் கம்ப்யூட்டர்களும் இருந்தன. திருடனைப் பற்றிய செய்தி இன்று வந்தால் இன்றே எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டும் என்று காவல் நிரல்காரர்கள் அவசரப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

பாதியில் நிற்கும் மாறுதலோ, முழுதாய்ப் போன தவற்றைக் காட்டிலும் சில வேளை பொல்லாதது. 2012 ஜூலைக் கடைசியில், நைட் காபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வியாபாரக் கம்பெனி, தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். ஆகஸ்டு 1-ஆம் தேதி, அந்த எட்டாவது சர்வரில் பல வருஷங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய நிரல், புதிய உத்தரவைத் தனக்கான பழைய உத்தரவென்று நினைத்து எழுந்து, கட்டுக்கடங்காமல் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. மார்க்கெட் திறக்குமுன்னே யந்திரம் 97 எச்சரிக்கைக் கடிதங்களைத் தானாக அனுப்பியிருந்தது; ஒருவரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 45 நிமிஷத்தில் கம்பெனி இழந்தது 44 கோடி டாலருக்கு மேல். இதிலே சோகமான வேடிக்கை என்னவென்றால், எங்கே கோளாறு என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கிவிட்டார்கள். அதனால் ஏழும் எட்டாவதோடு சேர்ந்துகொண்டு ஆடத் தொடங்கின. முன்னே போன வழியில் பின்னே வருவதுதான் எப்போதும் பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக்கூடாது.

இதற்கெல்லாம் தொழில்காரர்கள் கண்ட மார்க்கங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுவது ‘கேனரி’ முறை. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கும்போது கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் செல்வார்கள். விஷவாயு மனிதனை மயக்குவதற்கு முன்னே பறவையை மயக்கும்; பறவை சாய்ந்தால் மனிதர்கள் மேலே ஓடிவருவார்கள். பிரிட்டனில் 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. கோலார் தங்கவயலில் பாட்டனார் காலத்தில் சுரங்கம் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று பெங்களூரில் இந்தச் சர்வர் வேலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் ‘கேனரி’ என்ற சொல் அன்றாடம் புரள்வதைக் கேட்கும்போது எனக்கு ஏதோ வட்டம் சுற்றி வந்தாற்போலத் தோன்றும். முறை இதுதான்: பத்தாயிரம் சர்வர்களுக்கு ஒரு மாறுதல் போக வேண்டுமானால், முதலில் பத்துக்கு அனுப்பு, அனுப்பிவிட்டுச் சும்மா இரு, அந்தப் பத்தும் மூச்சுவிடுகின்றனவா, பழைய வேகத்தில் பதில் சொல்கின்றனவா என்று பார், பிறகு நூறு, பிறகு ஆயிரம். கிரவுட்ஸ்ட்ரைக் அன்று இந்த ஒன்றைச் செய்திருந்தால், தன் சொந்த விண்டோஸ் யந்திரங்கள் பத்துக்கு முதலில் அனுப்பிக் கால் மணி காத்திருந்தால், நீலத் திரை அவர்களுடைய அறையோடு முடிந்திருக்கும். வேறு எந்தச் சாமர்த்தியமும் வேண்டியிருந்திராது.

மற்றவை இதற்கு உபாங்கங்கள். மாறுதலை எழுதியவரே அனுமதிக்கவும் கூடாது, இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒன்று. அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை அனுப்பாமலே சொல்லிக் காட்டும் ஒத்திகை ஒன்று. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற சரித்திரத்தைக் கணக்குப் பிள்ளையின் பேரேட்டைப்போல் அழியாமல் வைப்பது ஒன்று. பெரிய கம்பெனிகளில் தீபாவளி விற்பனை, வருஷக் கடைசிக் கணக்கு முதலிய முக்கிய காலங்களில் மாறுதலே கூடாதென்று முத்திரை வைத்துவிடுவதும் உண்டு.

ஆனாலும் காவலுக்கு வைத்த நாயே தூங்கிவிட்டால்? 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு, இந்திய நேரப்படி ஒன்பது மணிக்குமேல், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் ஒருங்கே மறைந்துபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கம்பெனியில் பராமரிப்பு வேலையாக ஒருவர் கொடுத்த கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பையே அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஒரு தணிக்கை நிரல் இருந்தது. அதில் ஒரு பிழை இருந்தபடியால் அது தடுக்கவில்லை. சரிசெய்யும் கருவிகளும் அதே வலையின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தன. கிணற்றுக்குள் ஏணியைப் போட்டுவிட்டு, ஏணியை எடுக்க ஏணி தேடிய கதையாயிற்று. ஆட்களை நேரே டேட்டா சென்டருக்கு அனுப்பினார்கள். அந்நியர் நுழையாதபடி வெகு ஜாக்கிரதையாகக் கட்டிய கட்டடமாகையால், சொந்த ஆட்கள் உள்ளே போய் யந்திரத்தைத் தொடவும் நேரம் பிடித்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்தது. ஆகவே கேனரியும் தணிக்கையும் இருந்தால் மட்டும் போதாது. அத்தனையும் தவறிய பிறகு யந்திரத்தை அணுகுவதற்கு, அந்த யந்திரத்தையே நம்பியிராத வேறொரு வழியும் இருக்க வேண்டும். மீட்புச் சாவிகள் எல்லாவற்றையும் விழுந்த சர்வரிலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்கள் 2024 ஜூலையில் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஜூலைக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. குறிப்புக் கோப்புகளும் இப்போது சிறு கூட்டத்திலிருந்து பெரிய கூட்டத்துக்குப் படிப்படியாகப் போகின்றன. எப்போது, எந்த யந்திரங்களில் அவற்றை ஏற்றுக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவர்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அந்தக் கம்பெனியின் தாராள குணமென்று கொண்டாடத் தயாரில்லை; முதலிலேயே இருந்திருக்க வேண்டியது இது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பாடு, நமக்கென்ன என்று கமர்ஷியல் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரோ, பஸ் நிலையத்தின் எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவரோ நினைக்கலாகாது. அவருடைய மேஜையிலிருக்கும் பில் போடும் யந்திரமும் எங்கோ ஒரு தலைமை சர்வரின் கயிற்றில்தான் ஆடுகிறது. அந்த யந்திரத்தை விற்றவருடைய ஆள் அடுத்த தடவை கடைக்கு வரும்போது, அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு வையுங்கள்: நீங்கள் அனுப்பும் மாறுதல் எல்லாக் கடைகளுக்கும் ஒரே நேரத்தில் போகிறதா, முதலில் சில கடைகளுக்குப் போகிறதா? இன்று வேண்டாம், திருவிழா முடிந்து அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வழி உண்டா? யந்திரம் எழுந்திருக்காமலே போனால், எந்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஆள் நேரில் வருவார்? அவர் பதில் சொல்லத் திணறினால், கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றை வாங்கி மேஜையின் இழுப்பறையில் போட்டு வையுங்கள்.